சாவி கைமாறிய பிறகு

சென்னையில் அட்வான்ஸ், மும்பையில் டெபாசிட், கேரளத்தில் செக்யூரிட்டி. பெயர் ஊருக்கு ஊர் மாறினாலும் நடப்பது ஒன்றுதான். குடிவரும் நாளில் வாடகைக்காரர் ஒரு பெரிய தொகையை எண்ணி வைக்கிறார். காலி செய்யும் நாளில் அதைக் கேட்கிறார். "அடுத்த ஆள் வரட்டும், தந்துவிடுகிறேன்" என்கிறார் வீட்டுக்காரர். பிறகு நடை தொடங்குகிறது. முதல் மாதம் வாரம் ஒரு முறை, அப்புறம் மாதம் ஒரு முறை, கடைசியில் நல்ல நாள் பார்த்து ஒரு போன். இந்த நாட்டில் வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களில் இந்த நடையை ஒரு முறையாவது நடக்காதவர்கள் குறைவு.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் இந்த நடை சற்று நீளம். வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுப் பக்கம் ஒரு வரிசை. குமுளி, கம்பம்மெட்டு, வண்டிப்பெரியாறு, போடிமெட்டு, மூணாறு என்று இடுக்கிப் பக்கம் இன்னொரு வரிசை. 1956இல் மாநில எல்லைகள் வரையப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. கோடு வரைந்தாயிற்று, சனங்கள் கோட்டுக்கு இருபுறமும் போய்வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலக்காய்க்கும் மளிகைக்கும் வந்தவர்கள், பொள்ளாச்சியிலிருந்து துணிக்கடை போட வந்தவர்கள், தையல்காரர்கள், வொர்க்‌ஷாப் வைத்தவர்கள், தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்கள். இவர்களில் பலருக்கு வீட்டுக்கோ கடைக்கோ கொடுத்த செக்யூரிட்டிதான் கையில் இருந்த மொத்தச் சேமிப்பு. சில வீடுகளில் அது சேமிப்புகூட இல்லை. நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம். நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். செக்யூரிட்டிக்கு வட்டி கிடையாது என்று சீட்டில் எழுதியிருக்கும்.

அந்தச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கிறவன் என்பதால் எல்லைப்புற வாடகைச் சீட்டுகள் அவ்வப்போது என் மேசைக்கு வருகின்றன. பெரும்பாலும் தகராறு முற்றிய பிறகுதான் வருகின்றன. மலையாளத்தில் எழுதப்பட்டவை; கீழே தமிழில் கையெழுத்து. கையெழுத்திட்டவர் மலையாளம் பேசுவார், சண்டைகூடப் போடுவார், வாசிக்க வராது. ஆவண எழுத்தர் படித்துக் காட்டியபோது புரிந்த மாதிரியே இருந்திருக்கும். இரண்டு மொழியும் அத்தனை நெருக்கம். அந்த நெருக்கம்தான் காலை வாருகிறது.

'அவதி கழிஞ்ஞால்' என்று ஒரு வரி எல்லாச் சீட்டிலும் வரும். தமிழ்க் காதுக்கு அது துன்பம் தீர்ந்தால் என்று கேட்கும். மலையாளத்தில் அவதி என்றால் தவணை, காலக்கெடு. நம் பழைய தமிழிலும் அவதிக்கு எல்லை என்ற பொருள் உண்டு. நாம் அதை மறந்து அல்லலை மட்டும் வைத்துக்கொண்டோம். 'வீழ்ச வருத்தியால்' என்று இன்னொரு வரி. வீழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. தவறினால், பாக்கி வைத்தால் என்று அர்த்தம். ஒரு மாத வாடகை தவறினாலும் செக்யூரிட்டியிலிருந்து பிடித்துக்கொள்ளலாம், மேற்கொண்டு நஷ்டத்தையும் கழித்துக்கொள்ளலாம் என்று அந்த வரி சொல்லும். ஈடு, தேய்மானம், கேடுபாடு ஆகிய சொற்கள் மட்டும் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே பொருளில் நிற்கின்றன. சண்டை வருவதோ பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு சொற்களில்தான்.

சீட்டு பதினோரு மாதத்துக்கு எழுதப்படுகிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் தப்ப நாடு முழுவதும் கண்டுபிடித்த உபாயம் பதினோரு மாதம். அதில் செக்யூரிட்டி பற்றிய வாசகம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்: வீடு ஒழிந்து கொடுக்கும்போது கேடுபாடுகள் கழித்து மீதித் தொகை வட்டியின்றித் திருப்பித் தரப்படும். கேடு எது என்று யார் பார்ப்பது, அதற்கு விலை யார் போடுவது, மீதி எத்தனை நாளைக்குள் வரும் ஆகிய மூன்றும் அந்த வாசகத்தில் இல்லை. இல்லாத மூன்றையும் வீட்டுக்காரரே நிரப்பிக்கொள்கிறார். சுவரில் ஆணி அடித்தது கேடு. ஐந்து வருஷம் அடுப்பெரித்த சமையலறையில் கரி படிந்தது கேடு. பழைய குழாய் ஒழுகுவதும் கேடு. வெள்ளையடிக்க, பிளம்பருக்கு, கரண்ட் பாக்கிக்கு என்று கணக்கு நீளும். ஆறாயிரம் ரூபாய் வாடகைக்கு அறுபதாயிரம் கொடுத்தவர் கையில் இருபதாயிரம் வந்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

வீட்டுக்காரரின் பக்கத்தையும் பார்க்கலாம். எல்லோரும் மாளிகைக்காரர்கள் இல்லை. வளைகுடாவில் பாடுபட்டுக் கட்டிய வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பம், கணவர் இறந்த பின் முன்னறையைக் கடையாக்கிய பெண் என்று பலர். வாடகை தராமலும் காலி செய்யாமலும் ஆண்டுக்கணக்கில் வழக்காடும் குடித்தனக்காரர்களைப் பற்றி அவர்களுக்கும் கதைகள் உண்டு. அவை பொய்யும் இல்லை. அந்தப் பயத்தின் விலைதான் செக்யூரிட்டி. பயத்துக்குப் பிடித்த பணம் பயம் தீர்ந்ததும் திரும்ப வேண்டும். திரும்பாததற்குக் காரணம் பெரும்பாலும் கேடுபாடு இல்லை, பணம் இல்லை. அது மாடிப்படிக்கோ மகள் கல்யாணத்துக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. 'அடுத்த ஆள் வரட்டும்' என்பது சாக்கு மாதிரித் தெரிந்தாலும் அதில் உண்மை இருக்கிறது. ஒருவரின் அட்வான்ஸை இன்னொருவரின் அட்வான்ஸால் அடைக்கும் சங்கிலி அது. வீடு ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் சங்கிலி அறுந்துவிடும். அறுபடும் இடத்தில் நிற்பவர் பழைய குடித்தனக்காரர்.

சட்டம் என்ன சொல்கிறது? இது ஒரு வேடிக்கையான கதை. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அது நடப்பில் இருந்த ஏறத்தாழ அறுபது ஆண்டுகளும் சென்னை பத்து மாத அட்வான்ஸுக்குப் பேர் போன ஊராக இருந்தது. சட்டத்தைப் படித்த வக்கீல்களும் பத்து மாதம் கொடுத்துத்தான் குடியிருந்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டம், மூன்று மாத வாடகை என்று வரம்பு வைத்தது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் தர வேண்டும் என்றது. ஆனால் அந்தப் பிரிவே 'வேறு உடன்பாடு இல்லாவிட்டால்' என்று தொடங்குகிறது. வேறு உடன்பாட்டில் கையெழுத்து வாங்குவது வீட்டுக்காரருக்கு எத்தனை சிரமம் என்பதை வாசகர்கள் யூகித்துக்கொள்ளலாம்.

கேரளத்தில் இருப்பது 1965ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் நியாய வாடகை பற்றிய பிரிவுகள் பலவற்றைக் கேரள உயர் நீதிமன்றம் 1995இல் செல்லாது என்று தள்ளியது. வாடகையும் செக்யூரிட்டியும் நடைமுறையில் இருவர் பேசி முடிப்பதாகிவிட்டன. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் வீட்டுக்கு இரண்டு மாதம், கடைக்கு ஆறு மாதம் என்று உச்சவரம்பு சொல்லி மாநிலங்களுக்கு அனுப்பி வைத்தது. அதில் கவனிக்க வேண்டிய வரி வேறொன்று. வீட்டுக்காரர் வீட்டைத் திரும்பப் பெறும் அந்த நேரத்திலேயே, கழிக்க வேண்டியதைக் கழித்து, முன்பணத்தைத் தர வேண்டும் என்கிறது. ஒரு கையில் சாவி, மறு கையில் பணம். மாதிரிச் சட்டம் என்பது பெயருக்கேற்ப மாதிரிதான். மாநிலம் தன் சட்டமாக ஆக்கிக்கொண்டால்தான் உயிர் பெறும்.

உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் குடித்தனக்காரரைக் கைவிட்டதில்லை. 1986இல் பீகார் வழக்கொன்று வந்தது. வாடகைக்கு வருபவரிடம் வீட்டுக்காரர் சட்டம் அனுமதிக்காத முன்பணம் வாங்கியிருந்தார்; பிறகு வாடகை பாக்கி என்று வெளியேற்றப் பார்த்தார். 'அந்தப் பணம் சட்ட விரோதம். சட்ட விரோதமாகக் கொடுத்தவர் அதைக் காட்டிச் சலுகை கேட்க முடியாது' என்பது வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. கூரை தேடி வந்தவனையும் கூரை வைத்திருப்பவனையும் சம குற்றவாளிகளாகப் பார்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 1989இல் ஆந்திரத்தின் கூடூரிலிருந்து ஓர் ஓட்டல் வழக்கு போனது. வரம்புக்கு மேல் வாங்கிய முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாடகை பாக்கி என்று ஒருவரை வெளியேற்ற முடியாது என்று முடிவாயிற்று. 1996இல் தமிழ்நாட்டு வழக்கிலும் அதே வழியில் தீர்ப்பு வந்தது.

இந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். மூன்றிலும் குடித்தனக்காரர் வீட்டுக்குள் இருக்கிறார். வெளியேற்றப் பார்த்தவர் வீட்டுக்காரர். வழக்குப் போட வேண்டிய சுமை அவருடையது. காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டவரின் நிலை வேறு. சுமை இப்போது இவர் தலையில். வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், வாய்தா வாய்தாவாகப் பஸ் கட்டணம். கம்பத்துக்குத் திரும்பிவிட்டவர் நாற்பதாயிரம் ரூபாய்க்காகப் பீர்மேட்டுக்கு எத்தனை முறை மலையேறுவார்? ஏற மாட்டார் என்பது எதிராளிக்கும் தெரியும்.

இதில் வரலாறு ஒரு விசித்திரமான சாட்சி சொல்கிறது. முன்பணம் கொடுத்துக் குடியேறி, பிறகு அதைத் திரும்பப் பெறுவது என்பது பாலக்காட்டு மண்ணுக்குப் புதிதே இல்லை. மலபாரின் நில உறவுகள் பெருமளவு அதன் மேல்தான் நின்றன. அதற்குப் பெயர் காணம். குடியானவர் ஜன்மிக்கு ஒரு தொகை கொடுத்து நிலத்தை ஏற்பார். அந்தத் தொகைக்கு வட்டி உண்டு. தர வேண்டிய பாட்டத்தில் வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அளந்தால் போதும். அதற்கு மிச்சவாரம் என்று பெயர். வழக்கமான தவணை பன்னிரண்டு ஆண்டு. தவணை முடிந்தால் பொளிச்செழுத்து, அதாவது புதுச் சீட்டு. அதற்குத் தனிக் கட்டணம். தமிழ் படித்தவர்களுக்குக் காணம் புதுச் சொல் இல்லை. சேர மன்னர்கள் புலவர்களுக்குக் கொடுத்த பரிசைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் காணக் கணக்கில்தான் சொல்கின்றன. புலவருக்குப் பரிசாகப் போன பொன், சில நூற்றாண்டுகளில் குடியானவரிடமிருந்து ஜன்மிக்குப் போகும் முன்பணமாகியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஏற்பாடு கெட்டது. ஆங்கிலேய நீதிமன்றங்கள் ஜன்மியை முழு உடைமைக்காரராகக் கண்டன. தவணை முடிந்ததும் அதிகப் பணம் தரும் வேறொருவருக்கு மேல்சார்த்து எழுதிக் கொடுப்பது பெருகியது. புதியவர் பழைய காணத்தைக் கொடுத்துப் பழைய குடியானவரைக் கிளப்பிவிடுவார். 'அடுத்த ஆள் வரட்டும்' என்ற நம் காலத்து வசனத்தின் மூதாதை இதுதான். 1881இல் அரசு வில்லியம் லோகனை இந்தச் சிக்கலை விசாரிக்க நியமித்தது. அவர் 1882இல் கொடுத்த அறிக்கையைச் சுற்றிப் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. முதலில் கிடைத்த பலன் 1887ஆம் ஆண்டின் மேம்பாட்டு ஈட்டுச் சட்டம். குடியானவர் நட்ட மரத்துக்கும் கட்டிய கட்டடத்துக்கும் ஈடு தராமல் அவரை இறக்க முடியாது என்றது அது. 1930இல் மலபார் குடியானவர் சட்டம் வந்தது. 1970 ஜனவரி 1 அன்று ஜன்மி முறையே கேரளத்தில் முடிவுக்கு வந்தது.

நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சட்டத்தின் தர்க்கம் எளிமையானது: பணம் கைக்கு வரும்வரை நிலம் குடியானவர் கையில் இருக்கும். அவர் யாரிடமும் நடக்க வேண்டியதில்லை. ஜன்மிதான் பணத்தோடு வர வேண்டும். இன்று நாம் செய்திருப்பது தலைகீழ். சாவியை முதலில் வாங்கிக்கொள்கிறோம், பணத்தைப் பிறகு பேசுகிறோம். நிலத்துக்குப் போராடிப் பெற்ற நியாயம் மாடி போர்ஷனுக்கு வந்து சேரவில்லை.

மாத வாடகையே இல்லாமல் மொத்தத் தொகை கொடுத்துக் குடியிருக்கும் முறை இன்னும் ஆபத்தானது. கேரளத்தில் அதைப் பணயம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம், சென்னைத் தமிழில் 'லீஸ்'. வாடகை மிச்சம் என்று தோன்றும். மொத்தப் பணமும் ஒருவர் கையில் சிக்கியிருக்கிறது என்பது தோன்றாது. தென் கொரியாவில் இதே முறைக்கு ஜான்சே என்று பெயர். வீட்டின் விலையில் பாதிக்கு மேல்கூடக் கொடுத்துக் குடியேறுவார்கள். 2022ஐ ஒட்டி வீட்டு விலை சரிந்தபோது அங்கே சங்கிலி அறுந்தது. ஏராளமான வீடுகளை இந்தப் பணத்திலேயே வாங்கிக் குவித்தவர்கள் கைவிரித்தார்கள். இளைஞர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2023இல் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

இடுக்கியின் தேயிலை மலைகளில் இதே கணக்கு வேறு வேஷத்தில் நடக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு லயத்தில். வாடகை இல்லை, முன்பணம் இல்லை. ஆனால் ஓய்வு பெறும் நாளில் 'லயத்தைக் காலி செய், கிராஜுவிட்டியை வாங்கிக்கொள்' என்று சொல்லப்படுவது அங்கே பழைய வழக்கம். ஓராண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்பது கிராஜுவிட்டிக் கணக்கு. முப்பது வருஷம் கொழுந்து பறித்த பெண்ணுக்கு 450 நாள் கூலி. அதை வாங்கினால்தான் தேனிப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ ஒரு சென்ட் நிலத்தைப் பற்றி யோசிக்க முடியும். நிலம் வாங்கி வீடு கட்டினால்தான் லயத்தைக் காலி செய்ய முடியும். லயத்தைக் காலி செய்தால்தான் பணம். இந்த வட்டத்திலிருந்து வெளியேற முடியாமல், பிள்ளைகளில் ஒருவரைத் தோட்ட வேலைக்கே அனுப்பி வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் குடும்பங்கள் மூணாறிலும் பீர்மேட்டிலும் ஏராளம். படித்த பிள்ளையும் சில வீடுகளில் அப்படித்தான் கூடையைத் தூக்குகிறது.

இங்கே சாவிக்குப் பணம் என்ற நியாயம் பொருந்தாது. செக்யூரிட்டி என்பது வீட்டுக்காகக் கொடுத்த பணம். வீட்டோடு சேர்ந்து அதன் கணக்கு முடியும். கிராஜுவிட்டி உழைத்துச் சேர்த்த பணம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதை முப்பது நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் முப்பது நாள் கெடு இருக்கிறது. கிராஜுவிட்டியும் பென்ஷனும் முதலாளி போடும் பிச்சையல்ல, ஊழியரின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஜார்க்கண்ட் வழக்கொன்றில் சொன்னது. அதே நீதிமன்றம் 2020இல் ஒரு பொதுத்துறை எஃகு நிறுவனத்தின் வழக்கில், ஓய்வுக்குப் பின்னும் குவார்ட்டர்ஸில் இருந்தவரிடம் சேர வேண்டிய கூடுதல் வாடகையை அவர் பாக்கித் தொகையில் கழிக்கலாம் என்றும் சொன்னது. நிறுவனங்கள் எந்தத் தீர்ப்பைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தோட்டமே மூடிப்போனால் கதை இன்னும் மோசம். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேயிலை விலை விழுந்தபோது பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. கேட்க முதலாளி இல்லை. ஒழுகும் லயம் மட்டும் இருந்தது. மூடிய தோட்டத் தொழிலாளர்களின் பாக்கிகளுக்காக 2006இல் தொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக நடந்து, பாக்கியைக் கணக்கிட ஓய்வுபெற்ற நீதிபதி அபய் மனோகர் சப்ரே தலைமையில் குழு அமைக்கும்வரை போயிற்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் போனார்கள். லயம் என்றால் என்ன என்று கேரளத்தின் மற்ற மாவட்டங்களில் பலர் அப்போதுதான் கேட்டார்கள்.

செக்யூரிட்டிக்கே திரும்பி வருவோம். வீட்டை விட்டாயிற்று, பணம் வரவில்லை என்றால் என்ன செய்வது? முதலில், பேச்சைக் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு கொடுத்தேன், எந்தத் தேதியில் சாவி தந்தேன், எவ்வளவு வர வேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இதற்கு ஒரு கைப் பலன் உண்டு. 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டப்படி, வட்டி கேட்டு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து நீதிமன்றம் வட்டி போட முடியும். சீட்டில் 'வட்டியின்றி' என்றிருப்பது குடியிருந்த காலத்துக்குத்தான், இழுத்தடிக்கும் காலத்துக்கு அது பொருந்தாது என்று வாதாட இடமிருக்கிறது. பணம் கேட்டு வழக்குப் போட மூன்றாண்டுதான் கெடு. 'ஓணத்துக்கு', 'விஷுவுக்கு' என்று தவணை சொல்லும் வீட்டுக்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கெடுவைத் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

நீதிமன்றத்துக்கு முன்னால் தாலுகா சட்டப் பணிக் குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவச உதவி உண்டு. பெண்ணென்றால் வருமானம்கூடக் கேட்பதில்லை. வழக்காகுமுன்பே லோக் அதாலத்தில் பேசி முடித்தால் கோர்ட் ஃபீஸ் இல்லை. அங்கே எழுதப்படும் சமரசம் நீதிமன்ற ஆணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய்த் தகராறுகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் தங்கள் பகுதியின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தரப்பட வேண்டும் என்கிறது. கேரளத் தமிழர்களிலேயே பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும், தமிழில் எழுதினால் காரியம் ஆகுமா என்று மலையாளம் தெரிந்தவரைத் தேடிப் போகிறார்கள். நீதிமன்றத்தில் மலையாளமோ ஆங்கிலமோதான். அலுவலகத்தில் தமிழுக்கு உரிமை உண்டு. உபயோகிக்காத உரிமை உபயோகிக்காத பாதை மாதிரி, புல் மண்டிவிடும்.

இவை எல்லாம் வந்த பின் காக்கும் வழிகள். வருமுன் காப்பது இன்னும் எளிது. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்துச் சீட்டில் பாதித் தொகை எழுதுவதற்குச் சம்மதிக்காதீர்கள். சீட்டின் தமிழ் வடிவம் ஒன்றிலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குடிவரும் நாளில் சுவர், குழாய், மீட்டர் எண் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் அதே குறிப்போடு மறுபடி பாருங்கள். மீதிப் பணம் எத்தனை நாளில் என்று ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். ஊர் மாறப்போவது முன்கூட்டியே தெரிந்தால், கடைசி மாதங்களின் வாடகையை அதில் கழித்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். நடை பாதி குறைந்துவிடும்.

மீதிப் பாதியை அரசுதான் குறைக்க முடியும். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் வீட்டுக்காரர் முன்பணத்தைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்க்க வேண்டும். சேர்க்காதவர் அந்தத் தொகையைப் போல் மூன்று மடங்குவரை கொடுக்க நேரிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1977இலேயே இதற்கென்று ஒரு வாரியம் வைத்தது. பணம் மூன்றாம் கையில் இருந்தால், கேடுபாட்டை நிரூபிக்க வேண்டிய வேலை வீட்டுக்காரருக்கு வந்துவிடும். நம்மிடம் தாலுகாதோறும் கருவூலம் இருக்கிறது, சந்துக்குச் சந்து தபால் ஆபீஸும் கூட்டுறவு வங்கியும் இருக்கின்றன. கேரளத்தில் கூட்டுறவு வங்கி இல்லாத பஞ்சாயத்தைத் தேட வேண்டும். இருவர் பேரிலும் ஒரு கணக்கு, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும் என்று ஒரு விதி. பெரிய செலவு பிடிக்கும் சீர்திருத்தம் இல்லை இது.

குடியானவரின் மரத்துக்கும் மண்ணுக்கும் ஈடு தராமல் இறக்கக் கூடாது என்று 1887இலேயே சட்டம் கண்ட பூமி மலபார். அந்த மண்ணில் ஒரு தையல்காரர் தன் நாற்பதாயிரத்துக்காக இன்னும் படியேறிக்கொண்டிருப்பது, சட்டம் இல்லாததால் மட்டுமில்லை. வாடகைக்கு இருப்பவர் இன்றிருந்து நாளை போகிறவர், அவருக்கு ஓட்டும் வேறு ஊரில் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருப்பதாலும்தான்.